தராசும் இரண்டு கண்ட்ரோலர்களும்

என் தங்கை புருஷனுக்கு எங்கள் தெருவில் ‘தராசு’ என்று பெயர். வைத்தது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எதை வாங்கப் போனாலும் இரண்டை எடுத்துக் கைக்கொன்றாக வைத்துக்கொண்டு நிற்பான். சோப்பானாலும் அப்படித்தான், சுத்தியலானாலும் அப்படித்தான். கடைக்காரனுக்குப் பொறுமை போய், நமக்குப் பொறுமை போய், கடைசியில் அந்த சோப்புக்கே பொறுமை போய்விடும். முதன்முதலில் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று இரண்டு நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, எது ஆடுகிறது என்று சொன்னவன். அவன் போன பிறகு ஆள் எப்படி என்று தங்கையைக் கேட்டேன். “நாற்காலியையே இவ்வளவு கவனிக்கிறவர் என்னையும் கவனிச்சுப்பார்ணே” என்றாள். அவள் கணக்கு தப்பவில்லை. கவனிப்பு கொஞ்சம் அளவு மீறிப்போனதுதான் பிறகு வந்த தொல்லை.

எனக்கு வெல்டிங் பட்டறை. பக்கத்துக் கடை அவனுடையது. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆரம்பத்தில் ஃபேனுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு பழைய பெட்ரோல் பைக்குகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைத்து மின்சார வண்டியாக மாற்றுகிற வேலையில் இறங்கினான். அதில் ‘கண்ட்ரோலர்’ என்று ஒரு பெட்டி உண்டு. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். கைப்பிடியை நாம் எவ்வளவு முறுக்குகிறோம் என்று பார்த்து, அதற்குத் தகுந்த கரண்டைப் பேட்டரியிலிருந்து எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். ஒரே மோட்டார், ஒரே பேட்டரி இருந்தாலும், வண்டி சாதுவா முரடா என்று முடிவு செய்வது அந்தப் பெட்டிதான் என்பான் தராசு. அப்படிச் சொன்னவனே தன் பெண்டாட்டி வண்டிக்கு முரட்டுப் பெட்டியை மாட்டிக் கொடுத்தான் என்பதுதான் வேடிக்கை.

தங்கை பிசியோதெரபி படித்தவள். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்க் கை கால் பயிற்சி கொடுப்பாள். ஊரின் இந்த மூலையில் ஒரு வீடு, அந்த மூலையில் ஒரு வீடு. வண்டி இல்லாமல் அந்த வேலை நடக்காது. ஒருநாள் ஒரு குறுகிய சந்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, நின்றிருந்த காரின் கதவு படாரென்று திறந்தது. வண்டி நிற்பதற்குப் பதிலாகப் பாய்ந்தது. எதிர்ச் சுவரில் மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. தைரியம் கூடவில்லை. பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பாதி வீடுகளுக்குத்தான் போக முடிந்தது. மீதி வீடுகளில் பயிற்சி நின்றுபோனவர்கள் மறுபடி முடங்கிக் கிடந்தார்கள். அவளை அனுப்புகிற ஏஜென்சியில், இந்த மாதமும் இப்படியே போனால் அவள் வீடுகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அந்த வேலை உயிர். படுத்தவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால், அன்று வீட்டுக்கு வந்ததும் ஊருக்கே சொல்வாள். இப்போது வாயே திறப்பதில்லை.

தராசு என்ன செய்வான்? ஒப்பிட ஆரம்பித்தான்.

பழைய பெட்டி ஒன்று, புதிதாக வரவழைத்த பெட்டி ஒன்று. பழையது முறுக்கியதும் கரண்டை மொத்தமாகத் தள்ளும். ‘கர்ர்’ என்று சத்தம் போடும். ஆனால் நான்கு திருகைக் கழற்றினால் திறந்துவிடும். உள்ளே எது கருகினாலும் அதை மட்டும் மாற்றலாம். புதியது சத்தமே போடாது, கரண்டை வழுக்கிக்கொண்டு ஏற்றும். ஆனால் உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். கெட்டால் குப்பைதான். வாழ்நாள் முழுக்க எதையாவது திறந்து பார்த்தே பிழைத்தவனுக்குத் திறக்க முடியாத பெட்டி என்றால் அவமானம் மாதிரி.

கடைக்குப் பின்னால் இருக்கும் சரிவில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி ஏறி இறங்கினான். சூடு பார்த்தான், இழுவை பார்த்தான், பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் பழைய பெட்டிக்கே தட்டு தாழ்ந்தது.

“அவளைக் கீழே தள்ளின பெட்டியாச்சே, மாப்ள” என்றேன்.

“பெட்டி தள்ளல மச்சான். பிடியை விட்டிருந்தா வண்டி அப்படியே நின்னிருக்கும். ஏன் விடலைன்னுதான் எனக்குப் புரியல.”

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்திருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ பாடம் நடத்துகிற குரலில் பேசினாள்.

“பயந்தா கை மூடுங்க. விரியாது. மூடின கையை விரிக்கறதுதான் எனக்குப் பொழைப்பே. நீங்க அந்தச் சரிவுல எத்தனை தடவை ஏறி இறங்கினீங்க? ஒரு தடவையாவது பயந்தீங்களா?”

கண்டதையும் அளந்தவன், பயந்தவன் கையில் வண்டி என்ன செய்யும் என்று மட்டும் அளக்கவே இல்லை.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து நின்றான். “மச்சான், என்னைக் கொஞ்சம் பயமுறுத்து” என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை கேட்டுவிட்டானே. அவன் வண்டியில் உட்கார்ந்திருக்க, நான் பின்னால் போய் ஒரு பெரிய இரும்புத் தகட்டைத் தரையில் போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் திரும்பாமலே, “அது மூணு எம்எம் தகடா?” என்று கேட்டான். கத்திப் பார்த்தேன், பாம்பு என்றேன், பட்டறையில் தீ என்றேன். அவன் கை அசையவில்லை. வரப்போகிறது என்று தெரிந்தால் பயம் எப்படி வரும்? சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோரும் பயந்துவிட்டார்கள், அவனைத் தவிர.

தங்கை வேலை முடிந்து வந்தாள். அவன் பழைய பெட்டி பூட்டிய வண்டியில், காலைத் தரையில் ஊன்றி, என்னோடு பேசிக்கொண்டிருந்தான். அவள் பையைக் கீழே வைத்தாள்.

“ஏஜென்சிக்குப் போயிட்டு வந்தேங்க. வேலையை விட்டுட்டேன்.”

அவன் கை மூடியது. நான் கண்ணால் பார்த்தேன். முறுக்க வேண்டும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான், கைதான் இறுகியது. வண்டி ‘கர்ர்’ என்று பாய்ந்து, நான் பிரைமர் பெயின்ட் அடித்துக் காய வைத்திருந்த இரும்பு கேட்டில் போய் முட்டிச் சாய்ந்தது. நல்லவேளை, அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் விழுந்த பிறகும் அவன் பிடியை விடவில்லை. பின்சக்கரம் அந்தரத்தில் வெறிபிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள்தான் போய் மண்டியிட்டு, அவன் கட்டை விரலை முதலில் விலக்கி, பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சக்கரம் நின்றது.

“விடலீங்க. பயமுறுத்தத்தான் அப்படிச் சொன்னேன். ஆனா விட்டுடறேன்னு சொல்லணும்னுதான் போனேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவன் தரையில் உட்கார்ந்தபடி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஏன் விடலைன்னு கேட்டேனே உன்னை” என்றான். ஆஸ்பத்திரியில் அவள் கட்டோடு கிடந்தபோதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

புதுப் பெட்டியைப் பூட்டினான். கையை எவ்வளவு வேகமாக முறுக்கினாலும் கரண்ட் மெல்லத்தான் ஏற வேண்டும், பிரேக்கைத் தொட்ட மாத்திரத்தில் அறுந்துவிட வேண்டும் என்று போனில் ஏதேதோ தட்டி அதை அமைத்தான். சரிவில் ஏறும்போது வண்டி முனகாமல், கிழம் மாதிரி மெல்ல நகர்ந்தது. “திறக்க முடியாத பெட்டின்னு திட்டினியே, கெட்டுப்போனா என்ன செய்வே?” என்று சீண்டினேன். “தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டுவேன்” என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

ஆனாலும் தராசு தராசுதானே. “சமமா ஒப்பிடணும்னா இதுலயும் நீ என்னை ஒரு தடவை பயமுறுத்தணும்” என்றான் அவளிடம்.

“ஒரு தடவையே போதுங்க. இறங்குங்க” என்றாள்.

காலை நேரம். தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும், வந்ததும் சூடு பார்க்கணும், வழியில் நிறுத்தக் கூடாது, இப்படி அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பயிற்சிப் பையை முன்னால் தொங்கவிட்டுக் கிளம்பினாள். நடந்துபோகிறவர்கள் அவளை முந்திக்கொண்டு போனார்கள். நடுத் தெருவில், மரக்கடையிலிருந்து ஓர் ஆள் நீளமான ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் பாராமல் குறுக்கே வந்தான்.

அவள் தோள் இரண்டும் மேலே ஏறியதைப் பார்த்தேன். கை மூடிவிட்டது என்று தெரிந்தது. வண்டி பாயவில்லை. என்ன செய்வது என்று யோசிப்பது போல முன்னால் கொஞ்சம் ஊர்ந்தது. அதற்குள் பின்னால் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏணிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். ஏணிக்காரன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனான். அவள் காலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நான் ஓடப் பார்த்தேன். தராசு இடது கையால் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். அவன் வலது கை அந்தரத்தில், இல்லாத கைப்பிடி ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவள் காலைத் தூக்கி வண்டியில் வைத்தாள். வண்டி நகர்ந்தது. தெருக்கோடியில் திரும்பி எங்களிடம் வர வேண்டியவள், இண்டிகேட்டர் விளக்கைப் போட்டுவிட்டு மெயின் ரோட்டில் இறங்கினாள். அவள் போகாமல் விட்ட வீடுகள் அந்தப் பக்கம்தான். கொஞ்ச நேரம் பார்த்தோம். வரவில்லை.

“திரும்பி வரலையே, மாப்ள. சூடு பார்க்கணும்னியே” என்றேன்.

“வேலைக்குப் போயிட்டா, மச்சான்” என்றான் தராசு. அதையே இன்னொரு தடவையும் சொன்னான்.