இப்ப பேச முடியுதா?

நான் இருபத்திரண்டு வருஷமாக டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவன். தேங்காய் ஓட்டைத் தட்டிக் குதிரையை ஓட வைப்பேன். தகரத்தை உலுக்கி இடி இடிக்க வைப்பேன். ஊரார் காதை ஏமாற்றிச் சம்பளம் வாங்குகிறவனிடம் வந்து யாராவது பேய்ச் சத்தம் கேட்டதாகச் சொன்னால் சிரிப்புதான் வரும். எனக்கும் வந்துகொண்டிருந்தது, இந்த வருஷம் வரைக்கும்.

இதில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரமெல்லாம் பதிவுக் கோப்புகளில் அப்படியே இருக்கிறது. தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் அக்கா பின்னணிக் குரல் கொடுப்பவள். பதினான்கு வருஷம் ஒரே கதாநாயகிக்கு அவள்தான் குரல். கடைக்குப் போய் "ஒரு சோப்பு குடுங்க" என்றால் போதும், கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். முகத்தைப் பார்த்துவிட்டு, ஏமாந்தவர் மாதிரி சோப்பை எடுத்துக் கொடுப்பார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கணவனை விட்டு வந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது அம்மா, நான், அந்தக் குரல். அவ்வளவுதான்.

அந்தக் கதாநாயகியின் புதுப் படத்துக்கு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுக் குரல் பார்த்தார்கள். ஸ்டூடியோவில் எல்லோரும் அவளை மைனா என்போம். நல்ல பெண். நல்ல குரல். இரண்டும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் என்னிடம் வந்தாள்.

"அவ தொண்டை அடைக்கணும்டா. ஒரே ஒரு படத்துக்கு. அப்புறம் நல்லா இருந்துட்டுப் போகட்டும்."

யார் சொல்லிக் கேள்விப்பட்டாளோ தெரியாது, கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டே செய்வினையும் வைக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்திருந்தாள். நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி மாதிரி ஒரு கடை. சுவர் முழுக்கக் கடிகாரம். ஒன்று சொல்கிற நேரத்தை இன்னொன்று சொல்லவில்லை. அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"இது செய்யவே கூடாதுன்னு எங்க ஆளுங்களே ஒதுக்கி வெச்சது. வேணாம்மா."

"ஒரு படத்துக்குத்தாங்க."

"குரலை எடுக்கறதுக்கு ஒண்ணு வரும். வந்தா வெறுங்கையோட போகாது. புரியுதா?"

அக்கா தலையாட்டினாள். நான், ஸ்கூட்டரை நிறுத்திய இடம் சரியில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு சொற்களை எழுதிக் கொடுத்தார். எந்த பாஷை என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் குரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதன் மேல் இதைச் சொல்ல வேண்டும், வேறு யார் காதிலும் விழக் கூடாது. அவ்வளவுதான் விதி.

மைனாவின் குரல் என் கணினியில் இருந்தது. அதைக் கொடுத்தது நான்.

செவ்வாய்க்கிழமை. மதியம் 1:05. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் அறையில். நான் இந்தப் பக்கம். மைனாவின் பதிவை அக்காவின் ஹெட்போனுக்கு அனுப்பினேன். என் ஹெட்போனைக் கழற்றினேன். ஸ்பீக்கரை அணைத்தேன். கண்ணெதிரே, சத்தத்துக்கு ஏற்ப விளக்கு ஏறி இறங்குகிற மைக்கின் மீட்டர் மட்டும்.

அவள் உதடு அசைந்தது. பச்சை விளக்கு ஏறி இறங்கியது. ஒன்று... இரண்டு... ஏழு.

அக்கா தாளை மடித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

விளக்கு எட்டாவது முறை ஏறி இறங்கியது.

நாற்காலி நகர்ந்த சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அறையில் நாற்காலி கிடையாது. நின்றுகொண்டுதான் பேசுவார்கள்.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். "மைனாவுக்குக் குரல் போச்சாம்ப்பா. நாப்பது நாள் வாயே திறக்கக் கூடாதாம். உங்க அக்காவை வரச் சொல்லு."

அக்காவிடம் சொன்னபோது, "நெஜமாவா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நெஜமாவா?" அன்றிரவு தட்டில் போட்டதைத் தொடாமலே எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பதிவு. மூன்று நாள்.

முதல் நாள், அவள் வசனத்துக்கு முன்னால் மூச்சு இழுக்கிற சத்தம் இரண்டு முறை கேட்டது. ஒரு மூச்சு, அதை ஒட்டியே இன்னொன்று. எதிரொலி என்று நினைத்து வெட்டி எறிந்தேன். நாற்பத்தொரு இடத்தில் வெட்டினேன்.

இரண்டாம் நாள், அவள் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே மீட்டர் ஏறியது. வசனம் எழுதியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு கச்சிதமா உதட்டோட ஒட்டிப் பாத்ததே இல்ல" என்று மெச்சினார். இன்னொன்றையும் கவனித்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெந்நீர் குடிக்கிற அக்கா, அன்று முழுக்க ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள். மதியம் 2:40-க்குத் தொடங்கினோம். வசனக்காரர் போன் பேச வெளியே போயிருந்தார். அக்காவின் போன் அணைந்து என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பதிவு நேரத்தில் எல்லோருடைய போனும் அங்கேதான் இருக்கும்.

காலி வீட்டுக்குள் கதாநாயகி நுழைகிற காட்சி. ஒரே வரி. "யாராவது இருக்கீங்களா?"

3:09. முதல் டேக். சரியில்லை.

3:12. இரண்டாவது டேக் முடிந்ததும் அக்கா ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி, இதுல யாருடா பேசறது?"

"யாரும் பேசலக்கா."

"என் வசனத்தை எனக்கு முன்னாடி யாரோ சொல்றாங்கடா..."

"கேபிள் கோளாறா இருக்கும். இன்னொண்ணு போயிடலாம்."

3:15. மூன்றாவது டேக். திரையில் கதவு திறந்தது. என் காதில் அக்காவின் குரல், தெளிவாக...

"யாராவது இருக்கீங்களா?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"யாராவது இருக்கீங்களா?" மறுபடியும். அவள் குரல். அவள் இழுப்பு. அவள் வாயை விட்டுக் கையை எடுக்கவில்லை.

பிறகு அதே குரல், பதில் சொன்னது.

"இருக்கேன்."

அது வசனத்தில் இல்லை.

அக்கா கையை எடுத்தாள். கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். கண்ணாடியை அடித்தாள்.

சத்தமே இல்லை.

மீட்டர் அசையவில்லை.

3:17.

என் ஹெட்போனில், நிதானமாக, ஒவ்வொரு டேக்கும் முடிந்தபின் அக்கா கேட்கிற மாதிரியே...

"தம்பி, நல்லா இருந்துச்சா?"

எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. அவளை வெளியே இழுத்து வந்தேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கும் ஒலி இல்லை. மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். கடிகாரக்காரர் கடைக்கு நாலு தடவை ஓடினேன். நாலு தடவையும் பூட்டு. உள்ளே கடிகாரங்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அம்மாவிடம், தொண்டை கட்டியிருக்கிறது, சரியாகிவிடும் என்று சொன்னோம். அம்மாவும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

மனசு கேட்கவில்லை. மைனாவிடம் போய்க் காலில் விழுந்தாவது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் வீட்டுக்குப் போன அன்று, அவளுக்கு முப்பத்தொன்பதாவது நாள். கழுத்தில் சின்னக் கட்டு. சிரித்த முகமாகக் கதவைத் திறந்து, கையிலிருந்த நோட்டில் எழுதிக் காட்டினாள்.

"வாங்கண்ணா. அக்கா எப்படி இருக்காங்க?"

நான் வாயெடுப்பதற்குள் அவளே எழுத ஆரம்பித்துவிட்டாள். தொண்டையில் கட்டி. ஆபரேஷனுக்கு இரண்டு மாசம் முன்பே நாள் குறித்தாகிவிட்டது. "படம் வேணாம், அக்காவையே கூப்பிடுங்கன்னு ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்னாடியே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அவர்தான் கடைசிவரைக்கும் பாப்போம்னு இழுத்தடிச்சார்."

"ஆபரேஷன் என்னிக்கும்மா?"

"செவ்வாய்க்கிழமை. பன்னெண்டரைக்கு உள்ள கொண்டு போனாங்க. கண்ணு முழிச்சப்ப மூணு மணி."

1:05-க்கு அவள் மயக்கத்தில் கிடந்திருக்கிறாள். நாங்கள் அனுப்பியது அங்கே போனபோது எடுப்பதற்குக் குரலே இல்லை. வெறுங்கையோடு போகாதது, கூப்பிட்டவளிடமே திரும்பியிருக்கிறது.

மைனா சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எழுதினாள்.

"அக்காவுக்கு எவ்வளவு நல்ல மனசு. தினமும் போன் பண்ணி விசாரிக்கறாங்க."

நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

அவள் போனை எடுத்துக் காட்டினாள். அக்காவின் எண். முப்பது அழைப்பு. முதல் அழைப்பு, அந்த மூன்றாம் நாள். எல்லாமே மதியம் 3:17.

அக்காவின் போன் அன்று இழுப்பறையில் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. சார்ஜ் இறங்கி ஒரு மாசம் ஆகிறது.

"என்ன... என்ன பேசுது?"

"ஒரே கேள்விதான். 'இப்ப பேச முடியுதா?' முடியலன்னா ஒரு தட்டு தட்டச் சொன்னாங்க. தட்டுவேன். வெச்சிடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, பெரிய எழுத்தில் எழுதினாள். "நாளைக்குப் பேசிடுவேன்!"

எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரக் கடை, ஏழு சொல், நான் கொடுத்த பதிவு. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் முகத்திலிருந்து சிரிப்பு எப்போது போனது என்று கவனிக்கவில்லை. கடைசியில் ஒரே வரி எழுதினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அண்ணா."

பிறகு போனிலிருந்து சிம்மை உருவி, இரண்டாக உடைத்து, என் கையில் வைத்தாள். வாசலைக் காட்டினாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அத்தனை நாளும் மதியத்தில் நான் ஸ்டூடியோவில் இருப்பேன், அக்கா வீட்டில் இருப்பாள். அன்றுதான் முதல் தடவையாக அந்த நேரத்தில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள்.

3:17.

அக்காவின் உதடு அசைய ஆரம்பித்தது. வேகமாக. கண்ணில் நீர் கொட்டியது.

உதட்டைப் பார்த்து வசனம் பிடிப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. படித்துவிட்டேன்.

"எடுக்காத... அது நான் இல்ல... எடுக்காத..."

முப்பது நாளாக அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தினமும். யார் காதிலும் விழாமல்.

"அக்கா, பயப்படாதே. மைனா சிம்மை உடைச்சிட்டா. இனி எடுக்க மாட்டா."

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

உதடு ஒட்டிப் பிரிந்தது. ஒரே சொல்.

"அம்மா."

மாடியில் அம்மாவின் போன் மணி அடித்தது.

நான் படியில் பாதி ஏறியிருப்பேன். மேலே அம்மாவின் குரல் கேட்டது. அழுகையும் சிரிப்புமாக.

"கண்ணு! பேசறியா? குரல் வந்துடுச்சா? ...பேச முடியுதுடி, எனக்கு என்ன! அம்மா பேசறேன், பே..."

அதோடு நின்றது.

நான் மேலே போனபோது அம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள். காலடியில் துணி சிதறிக் கிடந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

இது நடந்து ஏழு மாசம் ஆகிறது. எங்கள் வீட்டில் குரல் உள்ளவன் இப்போது நான் ஒருவன்தான்.