மாலை கழற்றிய நாலாம் நாள்

செவ்வந்திக்கு மூக்குதான் போலீஸ். புருஷன் வெற்றிவேல் வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பாள். ஊதின பிறகுதான் சோறு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், தெருவே பார்க்க ஊதிவிட்டு உள்ளே போவான்.

அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அவளைக் குறை சொல்ல மனசு வராது. அவன் அப்பா குடித்தே போனார். அண்ணனும் அதே வழிதான், முப்பத்தெட்டு வயதில். வெற்றிவேலோ லோடு இறக்க ஆலை வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கும்போது பழகிக்கொண்டான். வரிசையில் நிற்கிற வண்டிக்கு வண்டி பாட்டில் கைமாறும். போன வருஷம் ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி தொட்டால் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் தொடவில்லை. அவளும் அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகிவிட்டாள்.

பல்வலிக்குக் கொய்யா இலை மென்றதற்கு ஒரு நாள் பெரிய ரகளை. வாடையை மறைக்கத்தான் மென்றான் என்று அடித்துச் சொன்னாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அவள் சட்டை செய்யவில்லை.

கார்த்திகையில் அவன் சபரிமலைக்கு மாலை போட்டான். அந்த நாற்பத்தெட்டு நாளும் அவள் ஊதச் சொல்லவில்லை. சாமியை எப்படி மோந்து பார்ப்பது? மாலை கழற்றின மறுநாளே கடைக்கு ஓடுகிறவர்களை ஊரில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். அதனால் அவன் கழற்றின அன்றே மறுபடியும் வாசலில் நின்றுகொண்டாள்.

நாலாம் நாள், ஐந்தரைக்கு வருகிறவன் ஆறு ஆகியும் வரவில்லை. லோடு அப்போதே இறங்கிவிட்டது என்று கூட ஓட்டுகிற இருசப்பன் சொன்னான். சொல்லும்போது அவன் வேறு பக்கம் பார்த்ததே அவளுக்குப் போதும். சாராயக்கடை வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பின்பக்கமும் பார்த்தாள். அங்கே இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற கள்ளச் சரக்காக இருக்குமோ?

அவன் பஸ் ஸ்டாப் டீக்கடையில் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் ஆறிப்போன டீ. கிட்டே போய் மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

"வூட்டுக்கு வராம இங்க இன்னா பண்ற?"

"வந்தா ஊதச் சொல்லுவ. ஊதற ஒவ்வொரு தடவையும், குடிக்காமயே குடிகாரன்னு பேர் வாங்கறதுக்கு, குடிச்சிட்டே வந்து ஊதலாமேன்னு தோணுது. மாலை போட்டுக்கினு இருந்தப்ப அது தோணல. நீ என்ன நம்பிக்கினு இருந்த."

செவ்வந்தி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாலைதான் அவனைக் காத்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"எனக்கு பயமா இருக்குதுய்யா," என்றாள். "உங்க அண்ணனத் தூக்கும்போது எனக்கு உன் மூஞ்சிதான் தெரிஞ்சிது."

"எனக்கும் அதே பயந்தான். அதான் இங்க குந்திக்கினு இருக்கேன். ஏழு மணி தாண்டிட்டா அப்புறம் குடிக்கணும்னு தோணாது."

ஏழாக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவள் தனக்கும் ஒரு டீ சொன்னாள்.