தீப்பெட்டி வராத நாற்பத்து மூன்று நாட்கள்

2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை, காலை 6:40. மழை. நாலரை மணிக்குத் தொடங்கியது, விடவில்லை. எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். சன்னல் கண்ணாடியில் எதிர் பிளாக்கின் விளக்குகள் கரைந்து தெரிந்தன. நான் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பித்தளை விளக்கு விழுந்த சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தபோது என் மருமகள் சாமி மேடைக்கு முன்னால் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு பக்கம் எண்ணெய் ஓடியிருந்தது. மறுபக்கம் ஓடியது எண்ணெய் இல்லை. தரைக் கற்களில் ஐந்து நனைந்திருந்தன. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஆறாயிற்று. அவள் விரல்களுக்கிடையில் உரசாத தீக்குச்சி ஒன்று இருந்தது. தீப்பெட்டி மேடையின் மேல் இருந்தது. அது மேடையின் மேல் இருந்ததால்தான் எதுவும் புரியாமல் இரண்டு நிமிடம் நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தையும் நான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

தீப்பெட்டி சமாசாரத்தைச் சொன்னால்தான் இது விளங்கும்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் எண்ணிக்கைக் கிராணியாக இருந்தேன். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை, பெட்டிகளை எண்ணி அட்டையில் கோடு போடுவது என் வேலை. நான்கு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. வேலையை விட்டு வந்த பிறகும் கை நிற்கவில்லை. லிஃப்ட் பழுதான நாட்கள், மாத்திரைகள், பழைய பேப்பர் கட்டின் உயரம், எல்லாவற்றுக்கும் கோடு போடுவேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மகன் அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டு. மருமகள் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். அவன் கடல் பாலத்தைத் தாண்டி வீடு வரும் நேரத்தில் அவள் கிளம்பிவிடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை.

என் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. அதன் பிறகு காலை விளக்கை மருமகள் ஏற்றினாள். மாதத்தில் அவளுக்கு விலக்கான நாட்களில் நான் ஏற்றுவேன். இதை நாங்கள் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மாமனாரிடம் அதை எந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள்? முதல் மாதமே அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த நாட்களில் தீப்பெட்டி சாமி மேடையில் இருக்காது. சாப்பாட்டு மேசையில், என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கும். நான் எடுத்து ஏற்றுவேன். பிறகு சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், அந்த மாதத் தாளின் ஓரத்தில், பென்சிலால் ஒரு கோடு.

ஏன் கோடு போட்டேன்? எண்ணக்கூடியதாக இருந்தது, எண்ணினேன்.

முதல் நான்கு வருடம் மாதத்துக்கு ஒரு கட்டு. ஐந்து நாள், பிசகாது. 2023 நடுவில் ஒரு கட்டும் இரண்டு கோடும் ஆனது. ஆண்டு முடிவில் இரண்டு கட்டு. அவள் கறுப்புக் கால்சட்டையைத் தவிர வேறு எதுவும் உடுத்துவதில்லை என்பதைக் கவனித்தேன். அவளுடைய சின்னக் காரில், ஓட்டுகிறவர் இருக்கையில், மடித்த துண்டு ஒன்று எப்போதும் இருந்தது. வெயிலுக்கு என்று நினைத்தேன்.

2024 ஜனவரியில் மகன்தான் என்னிடம் சொன்னான். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், கருப்பையில் மூன்று கட்டிகள், பெரியது எலுமிச்சை அளவு, ரத்தப்போக்கு அதனால்தான். டாக்டர் சொன்ன வழிகளை அவன் கைப்பேசியில் எழுதி வைத்திருந்தான். நான் ஒரு தாளில் கட்டம் போட்டேன். உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, கூடவே இரும்புச்சத்து. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், அது உள்ளே இருக்கும்வரை கர்ப்பம் தரிக்காது. கட்டிகளை மட்டும் வெட்டி எடுப்பது, ஆனால் அவை மறுபடி வளரலாம். கருப்பையையே எடுத்துவிடுவது, அதோடு எல்லாம் நின்றுவிடும். பக்கத்தில் செலவு, ஆஸ்பத்திரி நாட்கள், குழந்தை என்று மூன்று பத்தி. நான்காவது வரியில் குழந்தை என்ற பத்திக்குக் கீழே 'இல்லை' என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். மற்ற எழுத்தைவிடச் சிறியதாக எழுதினேன்.

மருமகள் சமையலறையில் இருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் காட்ட எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வெட்கமான விஷயம் என்று விட்டுவிட்டோம். அவள் உடம்பு, எங்கள் தாள். மாத்திரையில் தொடங்குவது, அரசாங்க மருத்துவமனையில் கட்டிகளை எடுக்கப் பெயர் கொடுத்து வைப்பது என்று முடிவானது. வரிசை நீளம். ஜூலை 8, திங்கட்கிழமை என்று நாள் கிடைத்தது.

பிப்ரவரி 21, புதன்கிழமை. அன்று காலை என் முழங்கால் வீங்கியிருந்தது. காப்பிக்குப் பக்கத்தில் தீப்பெட்டி. அந்த மாதத்தில் பன்னிரண்டாவது முறை. நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன்: “இன்னிக்குமாம்மா? மாசத்துல பாதி நாளு நாந்தானா?”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் “இன்னிக்குமா” என்பேனே, அப்படித்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, “மன்னிச்சிருங்க மாமா” என்றாள். நான் பன்னிரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டுச் செய்தித்தாளை எடுத்தேன்.

மார்ச்சில் ஆறு கோடு. ஏப்ரலில் நான்கு. மே மாதம் 9, 10, 11 ஆகிய மூன்று நாள். அதற்குப் பிறகு தீப்பெட்டி மேசைக்கு வரவே இல்லை. அது மேடையிலேயே இருந்தது. நான் எழுந்து வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன். இருபத்தெட்டாவது நாள் தாண்டியது. முப்பத்தைந்தாவது நாள் தாண்டியது. வேறொரு நினைப்பு வந்தது.

அதற்கு அடையாளங்களும் இருந்தன. அவள் வெளிறியிருந்தாள். லிஃப்ட் பழுதானால் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐஸ் கட்டி. குளிர்ப்பெட்டித் தட்டில் பன்னிரண்டு கட்டிகள் இருக்கும். மாலையில் நான் தண்ணீர் குடிக்கப் போனால் ஒன்றும் இருக்காது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே அவள் ஐஸை நறுக்கு நறுக்கென்று கடிக்கும் சத்தம் எனக்கு அறைவரை கேட்கும். என் மனைவி மகனைச் சுமந்தபோது சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றவள். இது மசக்கை என்று நான் முடிவு கட்டினேன். அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சௌராஸ்தா சந்தைக்குப் பஸ் ஏறிப் போய் உப்பிட்ட மாங்காயும் ஊறவைத்த ஜாதிக்காயும் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். உட்கார்ந்து ஒரு மாங்காய்த் துண்டை முழுதாகத் தின்றாள். “நல்லாருக்கு மாமா” என்றாள்.

ஒரு கணக்கு மட்டும் இடித்தது. பழைய பேப்பர். மாதத்துக்கு ஒருமுறை வரும் பழைய பேப்பர் லாரிக்கு நான் கட்டி வைப்பது முழங்கால் உயரம் வரும். அந்த மாதங்களில் அதில் பாதிகூட வரவில்லை. யார் எடுக்கிறார்கள் என்று சத்தமாகவே கேட்டேன். காய்கறி சுத்த எடுத்ததாக மருமகள் சொன்னாள். எங்கள் வீட்டில் அவ்வளவு காய்கறி வாங்குவதில்லை.

ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, மகன் வீட்டில் இருந்தான். ஜூலை 8ஆம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றான். நான் சமையலறைக்குப் போய் நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி வந்து அவன் முன்னால் வைத்தேன்.

“எண்ணிப் பாருடா. மே பன்னெண்டுலேர்ந்து நாப்பத்து மூணு நாளு. எதுக்கு இப்பக் கத்தி?”

அவன் கோடுகளைப் பார்த்தான். அவை எதற்கான கோடுகள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சிவந்தது. சமையலறைத் தொட்டிக்கு முன்னால் எங்களுக்கு முதுகு காட்டி நின்றவளிடம் கேட்டான்: “அப்பா சொல்றது சரியா?”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

“இப்பக் கொஞ்சம் பரவால்ல. பாப்போம் லா.”

மறுநாள் மகன் தொலைபேசியில் அந்த நாளை விட்டுக்கொடுத்தான். எங்கள் இடத்தில் வேறு யாரோ ஒரு பெண் போயிருப்பாள்.

அவர்களாகச் சொல்லட்டும் என்று ஜூலையும் ஆகஸ்டும் காத்திருந்தேன்; தீப்பெட்டி மேசைக்கு வரவில்லை. செப்டம்பர் 19க்கு வருகிறேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், 6:44. மகனைக் கூப்பிட்டேன், பாலத்தில் இருந்தான். அவனே முந்தினான், 7:03. லிஃப்டுக்குத் தூக்கிப்போகும்போது அவள் எடை இவ்வளவுதானா என்று அவன் கேட்டது எனக்குக் கேட்டது. மழையில் சாலை நகரவில்லை. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குள் காரைத் திருப்பினோம். பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ரத்தத்தின் அளவு நாலு புள்ளி ஆறு என்றார்கள். ஒரு பை ஏற்றினார்கள், இரண்டு ஏற்றினார்கள். ஏறியது இறங்கிக்கொண்டிருந்தது. பதினொன்றேகாலுக்கு டாக்டர் வெளியே வந்து, மருந்துக்கு நிற்கவில்லை, கருப்பையை எடுத்தாக வேண்டும், காத்திருக்க நேரமில்லை என்றார். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். எண்ணிக்கை வைத்திருப்பவன் நான்தானே.

அவன் கையெழுத்துப் போட்டான். என் தாளின் நான்கு வரிகளில் நான்காவது.

மூன்றாம் நாள் அவளுடைய அறையில் நான் மட்டும் இருந்தேன். மகன் சாப்பிடப் போயிருந்தான். அவள் கண்ணைத் திறந்து மெதுவாகச் சொன்னாள்: “மாமா, தீட்டோட வெளக்கு ஏத்துனேன். அதான் இப்புடி ஆயிருச்சு.”

நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாயால்தான் ஆயிற்று என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டது இது: “எத்தன நாளும்மா?”

“தெரியல மாமா. நின்னாத்தானே எண்ண முடியும்? நிக்கவே இல்ல.” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “தெனமும் ஒங்ககிட்டத் தீப்பெட்டி நீட்ட எப்புடி மனசு வரும்? அதுவும் அந்த மாங்காயக் கண்டப்பறம்” என்றாள்.

ஜூன் மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். நாட்காட்டியைக் காட்டி நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னபோது, ஒருவேளை அது அப்படியே ஆகிவிடாதா என்று அவளும் நினைத்தாளாம். கத்தி பட்டால் என்ன மிஞ்சுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்ததாம்.

கிடங்கில் நாங்கள் பெட்டிகளைத்தான் எண்ணுவோம். உள்ளே இருப்பது கெட்டுப்போயிருந்தாலும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். முப்பத்தொரு வருடத்தில் என் கணக்கு தவறியதில்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் தவறவில்லை. ஜூன் 23 அன்று தீப்பெட்டி வராத நாட்கள் நாற்பத்து மூன்றுதான்.

மகனிடம் கேட்டேன், உனக்குமா தெரியவில்லை என்று. “நாங்க ஒண்ணா முழிச்சிருக்கிறதே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்ப்பா. கேட்டா ‘கொஞ்சந்தான்’னு சொல்லிருவாப்பா” என்றான். அதை நம்ப எனக்குச் சில நாள் ஆனது. ஒரு நாள் குப்பைப் பையைக் கட்டும்போது நினைத்தேன், என் பழைய பேப்பரெல்லாம் எதைச் சுற்றுவதற்குப் போனது என்று. அவளே ஒன்பது மாடி இறங்கிக் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோவாள். லிஃப்ட் ஓடாத நாளிலும்.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம் அவள் ஓய்வில் இருந்தாள். நான் விளக்கேற்றினேன். கோடு போடவில்லை. ஏழாவது வாரத்தில் ஒரு காலை எழுந்து வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் நின்றிருந்தாள். நான் எவ்வளவோ நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: “எந்த நாளா இருந்தாலும் நீ ஏத்தும்மா. தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாமி ஒண்ணும் நெனச்சுக்காது.”

அவள் தீப்பெட்டியை மேடையில் அதன் இடத்தில் வைத்தாள்.

“இனிமே எனக்கு அந்தக் கவலையே இல்லையே மாமா.”

அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் அவளே ஏற்றுகிறாள். முப்பது நாள் மாதத்தில் முப்பது. என் காப்பிக்குப் பக்கத்தில் எதுவும் இருப்பதில்லை. நான் தினமும் அந்த இடத்தைப் பார்க்கிறேன். புது வருட நாட்காட்டியின் ஓரங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. ரத்தம் குறைந்ததால் வந்த ஆசையாம் அது, அவள் இப்போது ஐஸ் கடிப்பதில்லை. முகத்தில் ரத்தம் வந்திருக்கிறது. வெள்ளை நிறத்தில் ஒரு கால்சட்டை வாங்கியிருக்கிறாள். கொடியில் அது தொங்குவதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாங்காய்ப் பொட்டலம் மீதியோடு குளிர்ப்பெட்டியின் அடியில் இருந்தது. ஏழு துண்டு. கொட்டினேன்.

மருத்துவமனைக் கட்டணத்தை மகன் தவணையில் திருப்பித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். பேரப்பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் போடலாம் என்று வங்கியில் ஒரு தொகையை வைத்திருந்தேன். அதிலிருந்து கட்டினேன். ரசீது என்னிடம் இருக்கிறது. நான்கு பை ரத்தம், அறுவை, ஏழு நாள் அறை, மருந்து. மொத்தம் இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு வெள்ளி அறுபது காசு.