உதாரணத்தில் இருந்த வீடு

உதாரணம் என்று சொல்லிவிட்டு நிஜமான வீட்டு முகவரியை எழுதி வைத்த ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று கிதிர் முகம்மது பல வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தார்.

காரைக்காலில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கடல் தாண்டி வந்து, கான் ஹொய் துறைமுகப் பக்கத்துத் துணிக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டே கணினியையும் பழகி, லேபிள் அச்சடிக்கும் நாற்காலிக்கு வந்தார். லேபிள் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பின் விளக்கப் பக்கத்தில் இருந்த உதாரணத்தை அப்படியே எடுத்து ஒட்டியதுதான் அவர் புரோகிராம். முகவரி கொடுக்காத பெட்டிக்கெல்லாம் உதாரணத்தில் இருந்த முகவரியே அச்சாகும் என்று அவருக்குத் தெரியாது. பின் யுவோங் ஊருக்குப் போக வேண்டிய துணி வுங் டா ஊரில் ஒரு வீட்டு வாசலில் இறங்கியது. முதலாளி ஷம்சுல் ஆலம் அவரை மறுபடி மூட்டைக்கே அனுப்பிவிட்டார்.

சந்து முனைக் காப்பிக்கடையில் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னபோது, பக்கத்து மேசையில் இருந்த ஜிசேல் விழுந்து விழுந்து சிரித்தாள். புதுச்சேரிக் குமாஸ்தா குடும்பத்துப் பெண். அந்த விளக்கப் பக்கங்களை எழுதுவதே அவள் வேலை.

"சொய் ஓய், கடவுளே! அது எங்க சித்தி வீடு பாய். வாசல அடைச்சிட்டாங்கன்னு என்னைத் திட்டித் தீத்துட்டா."

"சிரிக்காதிய. எனக்கு நாற்காலி போச்சு."

"போட்டது என் தப்புதான். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு லேபிளையாவது நீங்க பாத்திருக்கலாம்ல?"



அவளே முதலாளியிடம் போய்ப் பேசினாள். ஒரு லோடு பிசகாமல் போனால் பார்க்கலாம் என்றார் அவர். அதன்பின் ஞாயிறுதோறும் அவள் உதாரணத்தைத் திருத்துவாள், கிதிர் அதை ஒட்டிப் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பார். அவர் முழித்த இடத்தையெல்லாம் மறுபடி எழுதுவாள். முகவரி இல்லாவிட்டால் அச்சே வராமல் நிற்கும்படி மாற்றினாள். நடுநடுவே அவள் டயாலிசிஸுக்கு ஓட வேண்டியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் எரிந்து விழுவாள்.

அடுத்த லோடு சரியாகப் போய்ச் சேர்ந்தது. முதலாளி நாற்காலியைக் காட்டினார். அதை ஜிசேலிடம் சொல்ல, அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கிதிர் ஓடினார்.

"ஒக்காந்தாச்சா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"ஒக்காந்தாச்சு."

"திரும்பி வர்ற பெட்டிக்கு உதாரணம் இன்னும் எழுதல பாய். இனிமே என்னால முடியாது. அதை நீங்க எழுதிடுங்க."