குவாலிக்குள் விழுந்த வெயில்

பாடாங் மேஹாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாதபடி வெள்ளைக்காரப் பட்டாளம் முள்கம்பி அடித்த பிறகு விறகு பொறுக்கக்கூட வெளியே போக முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் காய்ந்த ரப்பர் கொம்புகளுக்காக வேலியைத் தாண்டினார். சிப்பாய்கள் சுட்டுவிட்டார்கள். பொறுக்கிய விறகோடு அவரைக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் கிடத்தினார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு புரண்டாள்.

அதன் பிறகுதான் என் வீட்டுக்காரர் அந்தக் குவாலி அடுப்பைச் செய்தார். அவர் தோட்டத்து லோரி மெக்கானிக். கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த பெரிய இரும்புச் சட்டியான குவாலியின் உட்புறத்தில் ரப்பர் பாலைத் தடவி, உடைந்த கண்ணாடித் துண்டுகளை நெருக்கமாக ஒட்டினார். சூரியனைப் பார்க்கச் சாய்த்ததும் வெளிச்சமெல்லாம் ஓரிடத்தில் குவிந்தது. அங்கே நீட்டிய தேங்காய் மட்டை புகைந்து பற்றியது. கரி பூசிய தகரக் குவளையை அந்த இடத்தில் கம்பியில் தொங்கவிட்டுக் கைக்குழந்தைக்கு வெந்நீர் வைத்தேன்.

குன்றிலிருந்த காவல் சாவடிக்கு அந்தப் பளபளப்பு தெரிந்துவிட்டது. காட்டிலிருப்பவர்களுக்கு நாங்கள் சைகை காட்டுகிறோம் என்று பட்டாள லோரி வந்து நின்றது. என் வீட்டுக்காரரை மண்டியிடவைத்துத் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்தார்கள். யாருக்குச் சைகை என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்டதைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தமிழில் கேட்டார்.

"பிள்ளைக்குச் சுடுதண்ணி வைக்கத்தான் தொரே," என்றார், வாயில் ரத்தத்தோடு.

சுடுகிறதா பார்ப்போம் என்றானாம் அதிகாரி. இரண்டு சிப்பாய்கள் அவருடைய வலது கையைப் பிடித்து, வெளிச்சம் குவியும் இடத்தில் நீட்டினார்கள். முதலில் ரோமம் பொசுங்கியது. பிறகு உள்ளங்கைத் தோல் கொப்பளித்துக் கருகியது. அவர் அலறினார். நான் ஓடிப்போய்க் குவாலியை உதைத்துத் தள்ளினேன். ஒரு சிப்பாய் பூட்ஸ் காலால் என் வயிற்றில் மிதித்தான். மறுபடி எழப்போன என்னைக் கிராணி அமுக்கினார்.

"படுத்துக்க தங்கச்சி. அவன் துப்பாக்கிய எடுத்துட்டான்லா."

குவாலியை நொறுக்கிவிட்டு அவரைக் கூலிம் டவுனுக்கு ஏற்றிப்போனார்கள். விசாரணையே இல்லாமல் பல மாதம் அடைத்துவைத்தார்கள். திரும்பி வந்தபோது வலது கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. ஸ்பேனர் பிடிக்க முடியாது என்று தோட்டத்தில் வேலை கொடுக்கவில்லை. சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். அங்கே ஒரு முஸ்லிம் அண்ணன் தன் சைக்கிள் கடையில் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

ஒருநாள் கடைக்கு வந்தவர்கள், காட்டிலிருப்பவர்கள் அந்த அதிகாரியைக் காட்டுப்பாதையில் மறைந்திருந்து சுட்டுக் கொன்றுவிட்டதாகச் சொன்னார்கள். இவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு அது போதாது என்று நான்தான் சொன்னேன்.