தோலில் விழுந்த பதினொரு துளைகள்

1. திங்கட்கிழமை, தையல் வகுப்பு முடித்த ஒரு பெண்ணைத் தாராவியில் ஒரு தோல் பை பட்டறைக்கு வேலைக்கு அனுப்பினேன்.
2. செவ்வாய்க்கிழமை அவள் ஒரு முழுத் தோலில் பதினொரு குண்டூசிகளைக் குத்தினாள்.
3. அன்று மாலையே முதலாளி அவளை இனி வர வேண்டாம் என்றார்.
4. புதன்கிழமை காலை, செம்பூரில் என் மேசைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் அவள் மறுபடி உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது.

நான்காவதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் பட்டியல் சரியாக இருக்காது.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம், மெக்கானிக்கல் டிராயிங்கில் டிப்ளமோவோடு மெட்ராஸிலிருந்து இங்கே வந்தவள் நான். செம்பூர் தொழிற்பயிற்சிக் கூடத்தில் என்னை வரையச் சொல்லவில்லை. படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேடித் தரும் மேசையில் உட்கார வைத்தார்கள். மாணவர்களுக்குத் தெரிந்தது வெள்ளை அட்டையில், முதலாளிகளுக்கு வேண்டியது மஞ்சள் அட்டையில். இரண்டும் பொருந்தினால் சேர்த்துக் கட்டி ஒரு பெட்டியில் போடுவேன். இந்தப் பெண்ணின் அட்டைக்கு ஏழு வாரம் ஜோடி கிடைக்கவில்லை. தினமும் வந்து, "அக்கா, ஏதும் வந்துச்சா?" என்பாள். மத்தியானம் இருவரும் அந்தப் பெஞ்சில் சாப்பிடுவோம். மாட்டுங்கா விடுதியில் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசாத நாள்கள் உண்டு.

"நாளைலேர்ந்து அம்மாகூட வீட்டு வேலைக்குப் போணும்க்கா. பாத்திரம் தேய்க்க சர்ட்டிபிகேட் எதுக்குன்னு எங்கய்யா கேக்காவ" என்றாள், அந்தப் புதன்கிழமை.

அட்டைகளை எடுத்தேன். வெள்ளையில்: அளவெடுப்பாள், அச்சு வரைவாள், வெட்டுவாள். மஞ்சளில்: அச்சு வைத்து வெட்ட ஆள் தேவை. பட்டறையைப் போய்ப் பார்க்காமல், தபாலில் வந்த பதிலை வைத்தே பொருத்தியிருந்தேன். துணிமேல் காகித அச்சைக் குண்டூசியால் நிறுத்தித்தான் வெட்ட வேண்டும் என்று எங்கள் கூடத்தில் சொல்லித் தருகிறோம். கூடத்தில் கொடுத்த குண்டூசி டப்பாவைக் கொண்டுபோய் அதைத்தான் அவள் செய்திருக்கிறாள்.

இருவரும் பஸ் ஏறித் தாராவி போனோம். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து பாய். தோல் இன்னும் வெட்டாமல் மேசைமேல் கிடந்தது.

"வாங்க டீச்சரம்மா. துணில குத்துனா மூடிரும். தோலு மூடுமா? ஒங்க காதுல குத்துனது மூடிட்டா?"

தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தப்பு என்னுடையது" என்றேன்.

"ஒத்துக்கிட்டா ஓட்டை அடைஞ்சிருமா?"

சுற்றிப் பார்த்தேன். அங்கே அச்சுகள் தகரத்தில் இருந்தன. அசையாமலிருக்க மேலே இரும்புக் கட்டி வைத்திருந்தார்கள். பட்டறை முழுவதும் ஒரு குண்டூசி இல்லை. நோட்டில் அதைக் குறித்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னாலிருந்து அவள்தான் பேசினாள். "பாய், அச்ச ஒரு விரக்கட தள்ளி வச்சா ஓட்டையெல்லாம் தையலுக்குள்ள போயிரும்லா?"

அவர் தகர அச்சை வைத்து ஒரு விரல் அகலம் தள்ளிப் பார்த்தார். ஒன்பது துளைகள் தையல் ஓரத்தில் விழுந்தன. இரண்டு, கழிவில் போயின.

"ஏ புள்ள, இத நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீங்க எங்க சொல்ல விட்டிய?"

இந்தமுறை அவரும் சிரித்தார். "நாளைக்கு வா. அந்தக் குண்டூசி டப்பாவ டீச்சரம்மாட்ட குடுத்துட்டு வா."

அவள் வீடு பக்கத்துச் சந்தில். நான் தனியாக பஸ்ஸுக்கு நின்றேன்.

இப்போது பட்டறைகளுக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் மஞ்சள் அட்டை எழுதுகிறேன். அவள் அங்கேயே வேலையில் இருக்கிறாள். அட்டைகள் இரண்டும் பெட்டியில் இருக்கின்றன. வேலை நாளில் அவளால் செம்பூர் வர முடியாது. குண்டூசி டப்பா என் மேசையில் இருக்கிறது. மத்தியானம் நான் தனியாகச் சாப்பிடுகிறேன்.