ஜாமீன் தாளும் என் வீடும்

மசாலா அரைக்கிறவள் மிளகாய் நெடிக்குப் பயப்படுவதில்லை. எங்களை அழவைப்பதெல்லாம் கடை ஒப்பந்தம்தான். இதை முதலில் என்னிடம் சொன்னவர் தையல்கடை மல்லிகா அக்கா, போன தீபாவளிக்கு ரவிக்கை வாங்கப் போனபோது. என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன்.

பத்தேகால் மணி

முதலில் புக்கிட் காத்தில் என்கிற ஊரில், வீட்டு அடுப்படியில் மசாலா அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கம்பெனி பதிந்து கொடுத்தார்கள். பக்கத்துக் குருபோங்கில் வாடகைக்குக் கடை எடுத்தோம். ஒப்பந்தம் போட்ட அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். கடை பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் தம்பி தாள்களோடு வந்ததே பத்தேகாலுக்கு. மூலைகளில் மஞ்சள் தடவி, கம்பெனி முத்திரை குத்தி, மளமளவென்று கையெழுத்துப் போட்டேன். கடைசித் தாளுக்கு மட்டும் முத்திரை வேண்டாமாம்.

"அது சும்மா பார்மாலிட்டி ஆண்டி, சாமிய கும்பிட்டு சைன் பண்ணுங்க லாஹ்!"

ரவிக்கை வாங்கப் போன இடத்தில்

மல்லிகா அக்காவின் பழைய கம்பெனி படுத்தபோது, வாடகை பாக்கிக்காக அவர் சொந்த வீட்டை விற்றார். என் கதையைக் கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"முத்திரை இல்லாம போட்டது உன் சொந்த ஜாமீன். கம்பெனி கட்டாட்டி உன்னத்தான் பிடிப்பாங்க. வீடு உன் பேர்லதானே இருக்கு புள்ள?"

ராகு காலத்தில் படித்தது

அதன்பிறகு சாமி அறையில் கண்ணை மூடினாலும் அந்தத் தாள்தான் தெரிந்தது. இந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். மறுபடியும் வெள்ளிக்கிழமை, மறுபடியும் பத்தேகாலுக்கு ஏஜெண்ட். "மணியாச்சு ஆண்டி!" என்றார். "ஆகட்டும் தம்பி, ராகு காலத்துல கையெழுத்துதான் கூடாது, படிக்கலாம்" என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தேன். புரியாததற்கு மகளுக்குப் போன் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு, ஜும்ஆ தொழுகைக்குப் போகும் வழியில், கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் காதர் பாயே வந்துவிட்டார். முருகனை நினைத்துக்கொண்டு கேட்டேன்: "இன்னும் இரண்டு மாத முன்பணம் சேர்த்துத் தரேன் பாய். ஜாமீன் தாளை எடுத்துடுங்க. பழைய ஜாமீனும் முடிஞ்சதுன்னு எழுதிக் கொடுங்க." ஏஜெண்ட் மேலே ஃபேனைப் பார்த்தார். பாய் சிரித்தார். தாளை உருவிக் குறுக்கே கோடு போட்டார். நான் கேட்டபடி எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"இத்தன வருஷத்துல இந்தத் தாள படிச்ச மொத ஆளு நீங்கதான் தங்கச்சி!"

கம்பெனி வைத்து நான் பெரிய முதலாளி ஆகவில்லை, மெதுவாகக் கையெழுத்துப் போடுகிறவள் ஆனேன், அவ்வளவுதான்.

நீங்களும் உங்கள் கடை ஒப்பந்தத்தை எடுத்து, கடைசித் தாளை இன்றைக்கு ஒருமுறை படித்துவிடுங்கள்.